பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு நிதி திரட்ட வேண்டும், தலைக்கு 500 வசூல் வேண்டாம். யோசனை சொல்லுங்கள்

பெரம்பூர் அம்மா

வணக்கம். என் மகள் பெரம்பூர்ப் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் 7ஆம் வகுப்பு படிக்கிறாள். இந்த ஆண்டு பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பொருளாளர் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கு உடனே வேண்டியவை குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம், பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவும் தாழ்ப்பாளும், நூலகத்துக்கு அலமாரியும் புத்தகமும். எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் ரூபாய் ஆகும் என்று தோராயமாகக் கணக்குப் போட்டிருக்கிறோம்.

கூட்டத்தில் இரண்டு யோசனை வந்தது. பிள்ளைக்கு 500 ரூபாய் என்று டைரியில் எழுதி அனுப்பிவிடலாம் என்றார் ஒருவர். குலுக்கல் சீட்டு அடித்து, மிக்சி, குக்கர் பரிசு என்று விற்கலாம் என்றார் இன்னொருவர். முதல் யோசனை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எங்கள் பெற்றோரில் ஆட்டோ ஓட்டுபவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், தினக்கூலிக்காரர்கள் நிறையப் பேர். இரண்டு பிள்ளை படித்தால் 1000 ரூபாய் ஆகிறது. பணம் கொண்டுவராத பிள்ளையை வகுப்பில் எழுப்பிக் கேட்கும் நிலைமை எங்கள் பள்ளியில் வரவே கூடாது.

உங்கள் பள்ளிகளில் என்ன செய்தீர்கள், எது ஓடியது, எது ஓடவில்லை என்று சொல்லுங்கள்.

கணக்கர்

குலுக்கல் சீட்டை இப்போதே விட்டுவிடுங்கள் மேடம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. காசு வாங்கிச் சீட்டு விற்று, குலுக்கிப் பரிசு கொடுத்தால் அது லாட்டரிதான். பள்ளிக்காகச் செய்கிறோம், கோயிலுக்காகச் செய்கிறோம் என்பதெல்லாம் விலக்கு ஆகாது. பல இடங்களில் இதைச் சாதாரணமாக நடத்துகிறார்கள். புகார் போகும்வரைதான் அந்தச் சாதாரணம். புகார் போனால் பொருளாளர் பெயர்தான் முதலில் வரும்.

500 ரூபாய் விஷயத்தில் நீங்கள் நினைப்பது சரி. நன்கொடை என்றால் கொடுப்பவர் விருப்பம். தொகையையும் கடைசித் தேதியையும் நீங்களே எழுதி அனுப்பினால் அது கட்டணம். இதே தாள் சேர்க்கை நேரத்தில் போனால் இன்னும் சிக்கல். கல்வி உரிமைச் சட்டப்படி சேர்க்கையின்போது கட்டாய நன்கொடை வாங்கினால், வாங்கியதைப் போல் 10 மடங்கு வரை அபராதம் விதிக்கலாம்.

அடையாறு அப்பா

எங்கள் பள்ளியில் நன்றாக ஓடுவது உணவுத் திருவிழா. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் பணம் வருவதும் போவதும் சின்னச் சின்ன விஷயங்களில்தான்.

முதலில் தேதி. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஒரே இரவில் பந்தலையும் முன்பணத்தையும் கொண்டுபோய்விடும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வும் வந்துவிடுகிறது. பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் வாரம் சென்னைக்கு அருமையான காலம். மாலை 4 மணிக்குத் தொடங்கி 8 மணிக்கு முடித்துவிடுங்கள்.

கடைகளில் ரொக்கம் புழங்கவே கூடாது. வாசலில் ஒரே மேசை, அங்கே 10, 20, 50 ரூபாய்க் கூப்பன். கடைக்காரப் பெற்றோர் கூப்பனை மட்டும் வாங்கி டப்பாவில் போடுவார்கள், முடிவில் எண்ணி ஒப்படைப்பார்கள். கூப்பனுக்கு வரிசை எண்ணும் கழக முத்திரையும் கட்டாயம். கூப்பனில் பாதியை முந்தைய வாரமே விற்றுவிடுங்கள். எவ்வளவு மாவு அரைக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். மீந்துபோன உணவில்தான் பல திருவிழாக்கள் நஷ்டம் அடைகின்றன.

எதைச் சமைப்பது? பிரியாணி வைத்தால் கூட்டம் வரும், ஆனால் செலவும் வேலையும் அதிகம். அத்தோ (பர்மா நூடுல்ஸ்), சுண்டல், மசால் பூரி, பணியாரம், மோர், பானகம், நன்னாரி சர்பத் மாதிரி கைச்செலவு குறைந்தவைதான் காசு பார்க்கும். வடசென்னையில் அத்தோ போடத் தெரிந்த பெற்றோர் கண்டிப்பாக இருப்பார். அவரைப் பிடித்துவிடுங்கள், அந்தக் கடைதான் முதலில் தீரும்.

தட்டு, டம்ளரை மறக்காதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கப், உறிஞ்சுகுழல், பை எல்லாவற்றுக்கும் மாநிலத்தில் தடை. பாக்குமட்டைத் தட்டு, வாழை இலை, காகித டம்ளர் என்று முதலிலேயே திட்டமிடுங்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகித டம்ளரும் தடையில் வருகிறது, கடையில் கேட்டு வாங்குங்கள். சௌகார்பேட்டை மொத்தக் கடைகளில் வாங்கினால் நல்ல வித்தியாசம் இருக்கும்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தற்காலிகக் கடைக்கும் பதிவு உண்டு. ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கடிதத்தோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலையத்திலும் சொல்லிவிட வேண்டும்.

வியாசைத் தோழர்

எல்லோரும் எப்படித் திரட்டுவது என்று பேசுகிறீர்கள். எதற்குத் திரட்டுகிறோம் என்பதில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பாதுகாப்பான குடிநீர், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிக் கழிப்பறை, நூலகம் எல்லாம் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே பள்ளிக்குக் கட்டாயம் என்று எழுதியிருக்கிறது. இது 2009ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டு வேலை செய்யும் அம்மா பணியாரம் விற்றுத்தான் தன் மகளின் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போட வேண்டுமா?

என் பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன். சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். எங்கள் பள்ளியில் கழிப்பறைக் குழாய்கள் உடைந்து கிடந்தபோது குழுவில் தீர்மானம் போட்டு, புகைப்படத்தோடு மண்டல அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கினோம். திரும்பத் திரும்பப் போக வேண்டியிருந்தது, நேரம் எடுத்தது. ஆனால் வேலை நடந்தது, பெற்றோர் பணம் ஒரு ரூபாய் கூடச் செலவாகவில்லை.

அரசுப் பள்ளிக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தில் முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் இணையம் வழியாகவே கொடுக்கலாம். உங்களுடையது உதவிபெறும் பள்ளி. கட்டடமும் கழிப்பறையும் உங்கள் நிர்வாகத்தின் பொறுப்பு. முதலில் அவர்களைக் கேளுங்கள் அம்மா.

பெரம்பூர் அம்மா

தோழர், நீங்கள் சொல்வதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை. ஆனால் நிர்வாகம் கதவு போடும்வரை 7ஆம் வகுப்புப் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் மாலைவரை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். என் மகளும் அதில் ஒருத்தி. நியாயம் கிடைக்கும்வரை அவளைக் காத்திரு என்று எப்படிச் சொல்வது?

வியாசைத் தோழர்

புரிகிறது அம்மா. தாழ்ப்பாள், கீல், ஒரு தச்சர் கூலி, இது சில ஆயிரம்தான். அதை இந்த வாரமே கழகக் கையிருப்பிலிருந்து போட்டுவிடுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் போட்ட அன்றே நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். ‘அவசரம் கருதிக் கழகம் செய்தது, கழிப்பறையை முழுமையாகச் சீரமைப்பது நிர்வாகத்தின் கடமை’ என்று. அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு சுவரும் உங்கள் தலையில் வரும், அதற்கடுத்த ஆண்டு கூரையும் வரும். நிதி திரட்டத் தெரிந்த பெற்றோர் கிடைத்துவிட்டால் நிர்வாகங்கள் ஓய்ந்து உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மயிலைவாசி

தீபாவளி பலகார ஆர்டர் பற்றி யாரும் சொல்லவில்லையே! எங்கள் பள்ளிக்கு ஆண்டுதோறும் கைகொடுப்பது அதுதான். முறுக்கு, தட்டை, ரிப்பன் பக்கோடா, அதிரசம். மூன்று வாரம் முன்பே ஆர்டர் எடுப்போம், பாதிப் பணம் முன்பணம். அந்த முன்பணத்திலேயே மாவும் எண்ணெயும் வாங்கிவிடலாம், கழகம் கையிலிருந்து போட வேண்டியதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு பெற்றோர் இருந்தால் போதும், அந்தக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவிலேயே ஆர்டர் குவிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். பலகாரம் சுடும் அம்மாக்களுக்குக் கூலி உண்டு. ‘பள்ளிக்காகத்தானே, சேவையாகச் செய்யுங்கள்’ என்று முதலில் பேச்சு எழுந்தது. ஒரு நாள் வேலைக்குப் போகாமல் வந்து அடுப்படியில் நிற்கும் பெண்ணிடம் அந்த நாள் கூலியையும் சேர்த்து நன்கொடையாகக் கேட்கிறோம் என்றுதான் அதற்கு அர்த்தம். கூலி, சரக்கு, டப்பா போக விலையில் கால் பங்கு கழகத்துக்கு நின்றால் போதும். கூலி கொடுக்கத் தொடங்கிய பிறகு கைப்பக்குவம் உள்ளவர்கள் தாங்களாகவே வருகிறார்கள், சுவையும் மாறுவதில்லை.

இன்னொன்று மஞ்சப்பை. பள்ளிச் சின்னமும் பிள்ளைகள் வரைந்த படமும் அச்சிட்ட துணிப்பை. தையல் தெரிந்த பெற்றோர் தைப்பார்கள். மெதுவாகத்தான் விற்கும், ஆனால் கெட்டுப்போகாத சரக்கு.

அடையாறு அப்பா

கூலி கொடுத்தால் நிதி என்ன மிஞ்சும் மேடம்? எங்கள் திருவிழாவில் பெற்றோர் எல்லோரும் இலவசமாகத்தான் உழைக்கிறார்கள். யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

மயிலைவாசி

ஒரு மாலை 4 மணி நேரம் கடையில் நிற்பது வேறு சார், ஒரு வாரம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பது வேறு. உங்கள் பள்ளியில் மாதச் சம்பளக்காரர்கள் அதிகமாக இருப்பார்கள், சனிக்கிழமை அவர்களுக்கு விடுமுறை. பெரம்பூர் அம்மாவின் பள்ளியில் சனிக்கிழமைதான் பலருக்குக் கூலி நாள். அவர் பள்ளிக்கு எது பொருந்தும் என்றுதான் பேசுகிறோம்.

அடையாறு அப்பா

சரி, அது நியாயம்தான். அப்படியானால் திருவிழாவையும் அங்கே ஞாயிற்றுக்கிழமை வைப்பது நல்லது.

பழைய மாணவி, சூளைமேடு

நான் படித்த பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்தில் இருக்கிறேன். நாங்கள் கொடுக்கும் பக்கத்தில் நின்று சொல்கிறேன். ‘பள்ளி வளர்ச்சிக்கு நன்கொடை தாருங்கள்’ என்று செய்தி வந்தால் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதே குழுவில் ‘நூலக அலமாரி ஒன்று, விலை இவ்வளவு, மொத்தம் நான்கு வேண்டும்’ என்று விலைப்பட்டியலின் படத்தோடு போட்டால் ஒரே மாலையில் நாலும் பேசி முடிந்துவிடும். எங்கள் செட் ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால் அடுத்த செட் சும்மா இருக்காது.

பொருள் வந்ததும் ஒரு படம் அனுப்புங்கள். இதைத்தான் பெரும்பாலான பள்ளிகள் செய்வதில்லை. கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாவிட்டால் மறுமுறை யாரும் கை நீட்ட மாட்டார்கள். ஆனால் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துக் கைதட்ட வைக்கும் படம் வேண்டாம். எனக்கு அது மிகவும் சங்கடமாக இருக்கும். அலமாரியை மட்டும் எடுத்து அனுப்பினால் போதும்.

பெரம்பூர் அம்மா

இது நல்ல வழி. எங்கள் பழைய மாணவர்கள் சிலர் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் நேரடியாக வாங்கலாமா? வரிவிலக்கு ரசீது கேட்டால் என்ன சொல்வது? இப்போதைக்கு வசூல் எல்லாம் செயலாளரின் கைபேசி எண்ணுக்கு யூபிஐயில்தான் வருகிறது.

கணக்கர்

அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். தனிப்பட்டவர் கணக்கில் கழகப் பணம் ஒரு நாள் கூட இருக்கக் கூடாது. செயலாளர் எவ்வளவு நேர்மையானவர் என்பது இங்கே கேள்வியே இல்லை. அவருக்கு உடம்பு முடியாமல் போனால், வீடு மாறினால், அவர் வருமானவரிக் கணக்கில் அந்த வரவு கேள்வியாக வந்தால் என்ன செய்வீர்கள்? கழகத் தீர்மானத்தோடு வங்கியில் கழகத்தின் பெயரில் கணக்கு. இருவர் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாதபடி வையுங்கள், அதில் ஒருவர் பெற்றோராக இருக்கட்டும். அந்தக் கணக்குக்கே க்யூஆர் அட்டை வாங்கிக்கொள்ளலாம். கழகத்தைச் சங்கமாகப் பதிவு செய்வதானால் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள். இங்கே பார்க்க வேண்டியது அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதை அல்ல, எந்த நாட்டுக் குடியுரிமை வைத்திருக்கிறார்கள் என்பதை. இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரில் வேலை செய்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கவே கூடாது. 100 டாலர்தானே என்று எண்ண வேண்டாம். குடியுரிமை என்ன என்று கேட்டு, பதிலை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

80ஜி என்று எல்லோரும் சொல்லும் வரிவிலக்கு ரசீதைக் கழகம் தர முடியாது, அதற்குத் தனிப் பதிவு வேண்டும். உங்கள் பள்ளியை நடத்தும் அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு இருக்கக்கூடும். அப்படியானால் பெரிய தொகை தருபவரை அறக்கட்டளைக்கே கொடுக்கச் சொல்லலாம். ‘இந்தப் பணம் இந்தப் பொருளுக்கு மட்டும்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கட்டும். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் விலக்கு கிடையாது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு இந்த விலக்கே இல்லை, அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரசீதுப் புத்தகம் வரிசை எண்ணோடு அடியுங்கள், 20 ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள். மாதம் ஒருமுறை வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கொடுத்தவர் பெயர்ப் பட்டியல் வேண்டாம், மொத்தத் தொகை போதும். பெயர்ப் பட்டியல் ஒட்டினால் கொடுக்க முடியாதவர்கள் யார் என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

அடையாறு அப்பா

நிறுவனங்களைக் கேட்கலாம் என்று யாராவது சொல்வதற்குமுன் ஒரு குறிப்பு. சிஎஸ்ஆர், அதாவது நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம், எல்லா நிறுவனத்திடமும் இருக்காது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்டால்தான் கட்டாயம். அவர்கள் நேரடியாகச் செய்யாமல் வேறு அமைப்பு வழியாகச் செய்தால், 2021 ஏப்ரல் முதல் அந்த அமைப்புக்கு சிஎஸ்ஆர்-1 பதிவு வேண்டும். இரண்டரை லட்சத்துக்கு அந்த வழியில் அலைவது வீண். பள்ளியைச் சுற்றியுள்ள மருந்துக்கடை, இரும்புக்கடை, பாத்திரக்கடை, மாவு மில் இவர்களைக் கேளுங்கள். அவர்களின் பிள்ளைகளே உங்கள் பள்ளியில் படிப்பார்கள்.

குளிர்பானக் கம்பெனி, சிப்ஸ் கம்பெனி பேனர் வைத்துப் பணம் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்று 2020ஆம் ஆண்டு விதி இருக்கிறது.

அம்பத்தூர் மெக்கானிக்

தண்ணீர் இயந்திரம் பழுதுபார்ப்பது என் தொழில். இயந்திரம் வாங்கும் முன்னால் தண்ணீரைப் பரிசோதித்துப் பாருங்கள். கிண்டி கிங் நிலையத்தில் தண்ணீர்ப் பரிசோதனை செய்கிறார்கள். கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் உப்பை நீக்கும் ஆர்ஓ இயந்திரம் தேவையே இல்லை, வடிகட்டியும் கிருமியைக் கொல்லும் யூவி விளக்கும் போதும். விலையும் குறையும், தண்ணீரும் வீணாகாது. போர்வெல் தண்ணீராக இருந்தால் கதை வேறு.

பல பள்ளிகளில் நான் பார்ப்பது ஒன்றுதான். பெயர் எழுதிய பலகையோடு இயந்திரம் நிற்கும், உள்ளே வடிகட்டி மாற்றி வருடக்கணக்கு ஆகியிருக்கும். அந்தத் தண்ணீரைக் குடிப்பதற்கு நேரடிக் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாம். ஆகவே நிதி திரட்டும்போதே மூன்று ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத் தொகையையும் சேர்த்துத் திரட்டுங்கள். இயந்திரம் வாங்கித் தர ஆள் வருவார்கள், அடுத்த ஆண்டு வடிகட்டி வாங்கித் தர யாரும் வர மாட்டார்கள்.

பெரம்பூர் அம்மா

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் கூட்டத்தில் இதையெல்லாம் வைத்துப் பேசினோம். குலுக்கல் இல்லை, தலைக்கு 500 இல்லை. தாழ்ப்பாளும் கதவும் இந்த வாரம் கையிருப்பிலிருந்து போடுகிறோம், நிர்வாகத்துக்குக் கடிதத்தையும் தலைமையாசிரியர் மூலம் கொடுக்கிறோம். அவரும் கையெழுத்திடுகிறேன் என்று சொல்லிவிட்டார். தண்ணீர்ப் பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் இயந்திரத்துக்கு விலை கேட்போம். அலமாரி பழைய மாணவர்களிடம். தீபாவளிக்குச் சிறிய அளவில் பலகாரம், கூலி கொடுத்துத்தான். உணவுத் திருவிழா பிப்ரவரி முதல் ஞாயிறு. வங்கிக் கணக்குக்கு விண்ணப்பம் எழுதிவிட்டோம். செயலாளர் முகம் வாடும் என்று பயந்தேன், அவர்தான் முதலில் சரி என்றார்.

ஒரே ஒரு சந்தேகம். சில பெற்றோர் பணம் தர முடியாது, ஆனால் ஏதாவது செய்கிறோம் என்கிறார்கள். அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது?

மயிலைவாசி

பழைய பேப்பர் சேகரிப்பைக் கொடுங்கள். மாதம் ஒரு நாள், பள்ளி வாசலில். ஆட்டோ வைத்திருக்கும் அப்பாக்கள் பக்கத்துத் தெருக்களில் போய் ஏற்றிவருவார்கள். கிலோவுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய்தான் கிடைக்கும், ஆனாலும் மாதாமாதம் நிற்காமல் வரும். எரிபொருள் செலவை மட்டும் கழகம் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகளை வீடுவீடாக அனுப்பாதீர்கள், பெரியவர்கள் மட்டும் போகட்டும். எடைபோடும் கடையில் நம் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று, எடைச் சீட்டை ரசீதுக் கோப்பில் வைக்க வேண்டும்.

வியாசைத் தோழர்

நிர்வாகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தின் நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்க மறக்காதீர்கள் அம்மா. வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அடையாறு அப்பா

பாக்குமட்டைத் தட்டுக்கு டிசம்பரிலேயே விலை விசாரித்து வையுங்கள். சௌகார்பேட்டைக்கு வார நாளில் போங்கள், ஞாயிறு பெரும்பாலான மொத்தக் கடைகள் மூடியிருக்கும். எங்கள் கூப்பன் மாதிரியும் கடைவாரிக் கணக்குத் தாளும் என்னிடம் இருக்கின்றன. தனிச்செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.